ஐந்தாவது டிக்

சங்கத்திலிருந்து வந்த படிவத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று துவக்குகளையும் ஒப்பிட்டு, எதை வாங்கலாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். செய்த நாடு, நிறை, சத்தம், பாவிப்பது இலகுவா, குறைபாடுகள், சிபாரிசு என்று வரிசையாகக் கட்டங்கள். செய்த நாட்டுக்கு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். குறைபாடுகளுக்கு விட்ட இடம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. படிவம் போட்டவர் வாழ்க்கையில் ஒரு துவக்கைத் தொட்டிருக்க மாட்டார்.

துவக்கு என்றதும் யாரும் பயப்படத் தேவையில்லை. நான் விளையாட்டு ஆசிரியர். கல்முனைப் பக்கத்துக் கடலோரப் பாடசாலைகள் சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்திருக்கிறோம். அதன் ஓட்டப் போட்டிகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் ஸ்டார்ட்டர், வெடி வைக்கிறவன். எங்கள் துவக்கில் குண்டு பாயாது. குழாயின் வாயை இரும்பு போட்டு அடைத்திருப்பார்கள். வெற்றுத் தோட்டா போட்டு அடித்தால் சத்தமும் கொஞ்சம் புகையும் வரும், அவ்வளவுதான்.

ஆனால் பார்வைக்கு அசலேதான். அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்கள் இடுப்பில் தொங்கவிட்ட அந்தக் காலத்து ரிவோல்வரை இன்றைக்கும் பல நாடுகளில் நகல் செய்து விற்கிறார்கள். அதன் குணம் ஒன்றுதான்: விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பின்னால் இருக்கிற சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு தடவை. மற்றத் துவக்குகளில் விசையே சுத்தியலையும் இழுப்பதால் விரலை வெகுதூரம் அழுத்த வேண்டும், கை நடுங்கும், கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற ஓட்டக்காரனுக்கு அது தெரிந்துவிடும். இதில் சுத்தியல் ஏற்கனவே ஏறி நிற்கும். விரல் பட்டாலே போதும். ஸ்டார்ட்டர் வேலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது என்று நான் சங்கக் கூட்டங்களில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். சங்கச் செயலாளருக்கோ இரண்டு பலகையைச் சேர்த்து அடித்தால் போதும். "துவக்குச் சனியன விட்டுட்டு பலகைய அடிங்க சேர், செலவுமில்ல கரச்சலுமில்ல" என்பார். பலகை அடிக்கக் கையை விரிப்பது முதல் பாதையில் இருப்பவளுக்கு வடிவாகத் தெரியும் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

மூன்றில் முதலாவது சங்கத்தின் பழைய துவக்கு. இத்தாலியில் செய்தது. மரக் கைப்பிடி, பித்தளைக் காப்பு, நல்ல கனம். சுத்தியலை இழுக்கும்போது நாலு 'டிக்' கேட்கும். முதலாவது சுத்தியல் அசைந்ததற்கு, இரண்டாவது தோட்டா போடுகிற நிலைக்கு, மூன்றாவது உருளை பூட்டிக்கொள்வதற்கு, நாலாவது முழுதாக ஏறிவிட்டதற்கு. அந்தக் காலத்து அசலிலும் நாலுதான் என்று வாசித்திருக்கிறேன். தோட்டாவைக் குத்துகிற ஊசி சுத்தியலின் மூக்கிலேயே இருக்கும். நேரே வந்து விழும். இந்தத் துவக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. வகுப்பில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி நாலையும் எண்ண வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஜேர்மனியில் செய்தது. கொழும்புக் கடை மாதிரிக்கு அனுப்பியது. வெள்ளி போலப் பளபளப்பு, தூக்கினால் வெண்டிக்காய் நிறை. இரும்பில்லை, ஏதோ கலப்பு உலோகம். சுத்தியலில் ஊசி கிடையாது. நடுவில் ஒரு தகடு ஏறி நின்று அடியைக் கடத்துகிறது. பாதுகாப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். டிக் இரண்டுதான். நகல் செய்கிறவன் அசலின் முகத்தை எடுத்துக்கொண்டு குடலை மாற்றிவிட்டான் என்று எனக்குக் கோபம்.

மூன்றாவது எந்த நாடு என்றே பெட்டியில் இல்லை. பிளாஸ்டிக் கைப்பிடியில் ஒரு குதிரைப் படம். உருளை ஆடுகிற பல் மாதிரி ஆடும். சில நேரம் மூன்று டிக், சில நேரம் இரண்டு. இதற்கு அரைப் பக்கத்தில் செய்த நாட்டை எழுதச் சொல்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கடைக்காரர் அனுப்பியது ஆறே ஆறு வெற்றுத் தோட்டா. ஒரு துவக்குக்கு இரண்டு. இரண்டு வெடியில் ஒரு துவக்கை எப்படித் தெரிந்துகொள்வது? கலியாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன்கூட அதைவிடக் கூட நேரம் இருப்பான்.

தோட்டா என்று தொடங்கினால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. வெற்றுத் தோட்டாவுக்கும் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு அதிபரின் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை, பொலிஸின் சம்மதம். துவக்கை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு எடுத்துப் போவது அதைவிடப் பெரிய கூத்து. தாடி வைத்த ஒரு மனிதன், பிஸ்கட் டின்னுக்குள் ரிவோல்வரை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறான். சோதனைச் சாவடியில் இறக்கினால் என்ன நடக்கும்? தமிழ்க் கடிதத்தைக் காட்டினால் சிங்களத்தில் இல்லையா என்றார்கள். அடுத்த முறை சிங்களத்தில் கொண்டுபோனேன், மேலதிகாரிக்கு இங்கிலிஷ் வேண்டுமாம். மூன்று மொழியிலும் கொண்டுபோன நாளில் ஒருவரும் வாசிக்கவே இல்லை. ஒரு இளம் சிப்பாய் துவக்கை வாங்கி விரலில் சுழற்றி, இடுப்பில் செருகி, கூட்டாளிக்குக் காட்டிச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். நான் வெயிலில் ஹெல்மட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே போட்டிக் காலத்தில் துவக்கை என் பொறுப்பில் தருவார்கள், தோட்டா மட்டும் எண்ணித்தான் வரும். இறுதிப் போட்டிகளுக்கே மட்டுமட்டாக இருக்கும். பயிற்சிக்கு ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் நான் ஒரு வழி செய்தேன். பயிற்சியில் வெறும் துவக்கையே அடித்தேன். நாலு டிக் இழுத்து ஏற்றுவேன், "செட்" என்பேன், விசையை அழுத்துவேன். சுத்தியல் வெறுமையில் விழும்போது ஐந்தாவதாக ஒரு டிக் வரும். முதல் நாலைவிடக் கொஞ்சம் கட்டை, உலர்ந்த சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் பிள்ளைகள் பாய வேண்டும். அவ்வளவு சின்னச் சத்தத்துக்குப் பாய்ந்து பழகினால், வெடிச் சத்தத்துக்குப் பறப்பார்கள் என்பது என் கணக்கு. மற்றப் பாடசாலைக்காரர்களுக்கு இதை நான் சொல்லவில்லை.

அப்படிப் பழகியவர்களில் ஒரு பெண் இருந்தாள். நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் தலைக்கு ஸ்காபும் போட்டு ஓடுவாள். உயரம் இல்லை, கால் நீளமும் இல்லை. நூறு மீற்றரின் கடைசி இருபதில் மற்றவர்கள் அவளைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் அவள் காது வேறு மாதிரி. அந்த ஐந்தாவது டிக் விழுந்து முடிவதற்குள் இரண்டு எட்டு வைத்திருப்பாள். தொடக்கத்தில் எடுப்பதைக் கடைசி வரை வைத்திருந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் நம்பினோம். முதல் இரண்டு இடத்துக்குத்தான் மாகாணம். வயதுப்படி அது அவளுக்குக் கடைசி வருடம். அவள் ஓடுவதற்கு அவளுடைய வாப்பா சம்மதிப்பதும் அந்த வருடத்தோடு சரி.

துவக்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் கதவுக் கொளுக்கியே நாலு மாதத்தில் சிவந்துவிடும். உப்புப் போத்தல் கசியாமல் இருக்க எங்கள் வீடுகளில் ஒரு பிடி அரிசியை வறுத்து உள்ளே போடுவோம், அது ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். நானும் துவக்கு வைக்கிற பிஸ்கட் டின்னில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டு வைத்தேன். துரு நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் அந்த இறுதிப் போட்டி நடந்தது. காலையில் தொடங்கியதே தாமதம். லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் விட்டு மறுபடி கூட்டுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. துவக்கைத் திரும்ப டின்னுக்குள் வைத்துவிட்டுத்தான் நானும் தொழப் போனேன். பின்நேர அஸர் தொழுகைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று செயலாளர் ஒலிவாங்கியில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். திரும்பக் கூடியதும் முதலாவது பெண்கள் நூறு மீற்றர், எட்டுப் பேர். என் மாணவி இரண்டாம் பாதையில். நான் முதல் பாதைக்குப் பக்கத்தில் மேசை ஒன்றில் ஏறி நின்றேன். அவளுக்கும் எனக்கும் இடையில் நாலு எட்டுத் தூரம்கூட இருக்காது.

நாலு டிக் இழுத்தேன். கையை உயர்த்தினேன். "செட்" என்றேன். விசையை அழுத்தினேன்.

டிக்.

வெடி இல்லை. மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஏழு பேர் குனிந்தபடி இருக்கிறார்கள், என் மாணவி ஐந்தாறு எட்டு வைத்து ஓடிவிட்டாள். பிறகு தான் மட்டும் ஓடுகிறாள் என்று தெரிந்து நின்று திரும்பிப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து "போல்ஸ் ஸ்டார்ட், போல்ஸ் ஸ்டார்ட்!" என்று கத்தத் தொடங்கினார்கள், வெடிக்கு முன்னால் பாய்ந்துவிட்டாளாம். வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஓடிவந்து, "ஸ்டார்ட்டர்ட பள்ளிக்கூடத்துப் புள்ள எண்டா சட்டம் வேறயா?" என்றார்.

சட்டம் எனக்குத் தெரியும். சட்டைப்பையில் இரண்டு அட்டை இருந்தது, ஒன்று பச்சை, மற்றது பிழையாகப் பாய்ந்தவரை வெளியேற்றுகிற சிவப்பு. துவக்கு வெடிக்காவிட்டால் அது ஓட்டக்காரரின் பிழை இல்லை. எல்லாரையும் எழுப்பி, பச்சை அட்டையைக் காட்டி, திரும்பத் தொடங்க வேண்டும். சுத்தியல் விழுந்துவிட்டது என்பது என் கைக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவளைக் காப்பாற்ற நான் கதை விடுகிறேன் என்பார்கள். என் துவக்கு வெடிக்கவில்லை என்றும் ஆகிவிடும். செயலாளர் பலகையோடு சிரித்துக்கொண்டு நிற்பதை நான் அந்த நிமிடமே மனதில் பார்த்துவிட்டேன். என் கை சிவப்பு அட்டையை எடுத்தது.

அவள் என் மேசைக்கு அருகில் வந்தாள். மூச்சு வாங்கியபடி, "சேர், டிக் எண்டு கேட்டது சேர்" என்றாள்.

"அது ஏத்துற சத்தம் புள்ள. வெளிய போ."

கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கண்டுபிடிக்கிற மனிதன் சொன்ன பொய் அது. அவள் துவாயை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள். நான் மறுபடி ஏற்றி அடித்தேன். இந்த முறை நன்றாகவே வெடித்தது. மற்ற ஏழு பேரும் ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து துவக்கைக் கழற்றினேன். ஊசி நுழைகிற துளையில் வெள்ளையாகத் தூள் அப்பியிருந்தது. வறுத்த அரிசியின் குறுணல் ஒன்று அங்கே போய் உட்கார்ந்து, சுத்தியலின் முதல் அடியைத் தாங்கியிருக்கிறது. அந்த அடியில் அது நொறுங்கியதால்தான் இரண்டாவது அடி சரியாக விழுந்திருக்கிறது. தோட்டாவில் பிழை இல்லை, இத்தாலிக்காரனில் பிழை இல்லை. அரிசி போட்டதும் நான், டிக்குக்குப் பாயப் பழக்கியதும் நான், சிவப்பு அட்டை காட்டியதும் நான். மனைவி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டின்னைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவளைத் தெருவில் கண்டால் அவள்தான் முதலில் ஸலாம் சொல்வாள். நான் பதிலைச் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை முறுக்குவேன். அவ்வளவு கோழைத்தனம் என்னிடம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த வருடம்தான் படிவம் வந்தது. கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் டைப் பண்ணித்தான் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். வழக்கமாகப் போகிற கடை பூட்டியிருந்தது. சந்தைப் பக்கம் புதிதாகத் திறந்த போட்டோக் கொப்பிக் கடைக்குள் நுழைந்தேன். கணினிக்குப் பின்னால் அவள் இருந்தாள். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், ஸலாம் சொல்லிவிட்டாள்.

"வாங்க சேர். என்ன அடிக்கோணும்?"

"வஅலைக்கும் ஸலாம். ஒரு றிப்போட்தான் புள்ள. அவசரமில்ல, பொறகு வாறன்."

"இப்ப கடையில ஆளில்ல சேர். தாங்க, அடிச்சித் தாறன்."

கொடுத்தேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் வேகமாக அடித்தாள். ஜேர்மன் துவக்கைப் பற்றி நான் எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். குதிரைப் படத்தை வாசித்துவிட்டு, "இத வாங்கிராதீங்க சேர்" என்றாள். பழைய துவக்குக்கு வந்தபோது வேகம் குறைந்தது.

"இத்தாலி எண்டா நம்மட அதுதானே சேர்?"

"ஓம் புள்ள."

குறைபாடுகள் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது மூன்றே சொல்: கடல் காற்றில் துருப்பிடிக்கும். அதை அடித்தாள். விரலை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற கொற ஒண்டும் இல்லயா சேர்?"

"இல்ல புள்ள."

"ஏத்தக்குள்ள நாலு டிக் எண்டு மேல எழுதியிரிக்கீங்க. அண்டைக்கு நான் அஞ்சு எண்ணினன் சேர்."

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. எழுந்து போய்விட வேண்டும் போலவும் இருந்தது, அங்கேயே இருந்து அவளிடம் நன்றாகத் திட்டு வாங்க வேண்டும் போலவும் இருந்தது.

"ஓம் புள்ள," என்றேன். "அஞ்சுதான். அண்டைக்கு துவக்கு வெடிக்கல்ல. உனக்கிட்ட நான் பொய் சென்னன்."

அவள் கையைத் திரும்ப விசைப்பலகையில் வைத்தாள்.

"அப்ப என்ன அடிக்கிற சேர்?"

நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஊசித் துளையில் தூசியோ அரிசியோ புகுந்தால் வெடிக்காது. பெண்கள் நூறு மீற்றர் இறுதிப் போட்டியில் இது நடந்தது. துவக்கை அரிசி போட்ட டின்னில் வைத்தது ஸ்டார்ட்டர். வெறும் சுத்தியல் சத்தத்துக்கு ஓடப் பழக்கியதும் அவரே. இரண்டாம் பாதையில் ஓடிய மாணவியிடம் எந்தப் பிழையும் இல்லை. சிவப்பு அட்டை காட்டியது ஸ்டார்ட்டரின் பிழை.

"கட்டம் சின்னனா இரிக்கி சேர். பெருப்பிக்கவா?"

"பெருப்பி புள்ள."

சிபாரிசு என்ற கடைசிக் கட்டத்தில், துவக்கு இத்தாலியினுடையது, ஸ்டார்ட்டர் வேறு ஒருவர் என்று அடிக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடித்தாள்.

கொடுத்து நாலாம் நாள் செயலாளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"சேர், துவக்கப் பத்தி எழுதச் சென்னா நீங்க தவ்பா, பாவமன்னிப்பெல்லாம் கேட்டு எழுதியிரிக்கீங்க. பழைய றிசல்ட்டக் கிளறினா ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பைலத் தூக்கிட்டு வந்து நிக்கும். அந்தக் கட்டத்த மட்டும் எடுத்துட்டுத் தாங்க. துரு எண்டு போடுங்க, போதும்."

"நடந்ததத்தானே எழுதியிரிக்கன்."

"நடந்தது முடிஞ்சிட்டு சேர். அந்தப் புள்ள ஒண்டும் கேக்கல்லயே."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பதை என் பெயரிலும் அவர் பெயரிலும் அவர் வரவு வைத்துக்கொண்டார். இவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று தொலைபேசியை வைத்தேன். வேறு கடையில் போய் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு அடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி இரண்டு கடை இருக்கிறது. அங்கே வரைக்கும் போய், திரும்பி, அவள் கடைக்குத்தான் வந்தேன். செயலாளர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவளிடம் சொன்னேன்.

அவள் கோப்பைத் திரையில் எடுத்தாள். பெரிதாக்கிய அந்தக் கட்டம் பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

"எடுக்கிறதெண்டா ஒரு நிமிஷ வேல சேர்," என்றாள். பிறகு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் வெண்டிருப்பன் எண்டு செல்லல்ல. காரைதீவுப் புள்ள என்னய விட நல்லா ஓடுறவ. நான் நாலாவதாயும் வந்திருப்பன். ஆனா ஓடியிருப்பன் சேர்."

அந்தக் கட்டத்தில் கை வைக்க வேண்டாம், அப்படியே இன்னொரு முறை எடு என்றேன். இரண்டு கொப்பி எடுத்தாள். ஒன்றைச் சங்கத்துக்கென்று உறையில் போட்டேன். மற்றதை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பேனையைத் தந்தாள்.

"இது எனக்கு சேர். ஒப்பம் வைங்க."

வைத்தேன்.

"திகதியும் போடுங்க. இண்டைக்கு உள்ளதில்ல, ஓட்டம் நடந்த திகதி."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் மாதம்கூடச் சரியாக வரவில்லை. அவள் நாட்காட்டியைப் பார்க்காமலே நாளையும் திகதியையும் சொன்னாள். நான் எழுதினேன்.